லிஃப்ட் செய்த சின்ன எஸ்யூவிக்குப் பெரிய டயர்: நுழைந்தால் போதுமா, பொருந்த வேண்டாமா?

உங்கள் வண்டியின் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, கதவு வந்து மூடும் இடத்தில் உள்ள தூணைப் பாருங்கள். அங்கே ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். டயர் அளவு, முன் சக்கரத்துக்கு எவ்வளவு காற்று, பின் சக்கரத்துக்கு எவ்வளவு காற்று என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். பலரும் காற்றடிக்கும்போது மட்டும்தான் அதைத் தேடுவோம். ஆனால் டயரை மாற்றப் போகிறீர்கள் என்றால், கடைக்காரர் பேச்சைக் கேட்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது அந்த ஸ்டிக்கரைத்தான்.

இதை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. சின்ன எஸ்யூவி வாங்கியதும் அதைக் கொஞ்சம் உயர்த்தி, பெரிய டயர் போட்டு ஓட்டும் ஆசை இளைஞர்களிடம் கூடியிருக்கிறது. ரீல்ஸில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். "லிஃப்ட் பண்ணியாச்சு, இடம் இருக்கு, அடுத்த சைஸ் போட்டுடலாம்" என்று சொல்லவும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் வீல் ஆர்ச்சுக்குள் டயர் நுழைவது வேறு, வண்டிக்கு டயர் பொருந்துவது வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் செலவு செய்தால் பணம் போவதோடு நிற்காது. பிரேக், ஸ்டீயரிங், காப்பீடு, சட்டம் என்று நான்கு பக்கமும் சிக்கல் வரும்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 2023 ஜூனில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த 5 கதவு மாருதி சுசூகி ஜிம்னி. நீளம் 3,985 மி.மீ., அகலம் 1,645 மி.மீ., உயரம் 1,720 மி.மீ., தரை இடைவெளி 210 மி.மீ. நிறுவனம் கொடுக்கும் டயர் 195/80 ஆர்15. உங்களுடையது வேறு வண்டியாக இருந்தாலும் கணக்கு போடும் முறை இதேதான்.

டயரில் உள்ள எண் என்ன சொல்கிறது?

195/80 ஆர்15 என்பதில் 195 என்பது டயரின் அகலம், மி.மீ. கணக்கில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம், அதாவது அகலத்தில் 80 சதவீதம். 'ஆர்' என்றால் ரேடியல் வகை. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

கைப்பேசியில் கால்குலேட்டரைத் திறந்து நீங்களே போட்டுப் பாருங்கள்:

• பக்கச்சுவர்: 195 × 80 ÷ 100 = 156 மி.மீ.
• மேலும் கீழும் சேர்த்து: 156 × 2 = 312 மி.மீ.
• ரிம்: 15 × 25.4 = 381 மி.மீ.
• டயரின் மொத்த உயரம்: 312 + 381 = 693 மி.மீ.

இதே முறையில் 215/75 ஆர்15 டயருக்குப் போட்டால் 703.5 மி.மீ. வரும். கம்பெனி டயரைவிட 10.5 மி.மீ., அதாவது சுமார் 1.5 சதவீதம் அதிகம். லிஃப்ட் செய்தவர்கள் ஆசைப்படும் 235/75 ஆர்15 டயருக்கு 733.5 மி.மீ. வரும். இது 40.5 மி.மீ., அதாவது சுமார் 5.8 சதவீதம் அதிகம்.

"3 சதவீதம் வரைக்கும் பரவாயில்ல" என்று டயர் கடைகளில் ஒரு கணக்கு சொல்வார்கள். அது அனுபவத்தில் வந்த கணக்கு. சட்டம் கொடுத்த சலுகை அல்ல. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லிஃப்ட் செய்தால் உண்மையில் எது உயர்கிறது?

ஜிம்னி போன்ற வண்டியில் முன்னும் பின்னும் இரண்டு சக்கரங்களையும் ஒரே முழு ஆக்சில் இணைக்கிறது. அதன் நடுவில் உருண்டையாகத் தொங்குவது டிஃபரென்ஷியல். கல்லோ கட்டையோ முதலில் இடிப்பது பெரும்பாலும் அங்கேதான்.

உயரமான ஸ்பிரிங் போட்டு 2 அங்குலம், அதாவது சுமார் 50 மி.மீ. லிஃப்ட் செய்தால் பாடி உயரும், சேஸிஸ் உயரும். ஆனால் ஆக்சிலும் டிஃபரென்ஷியலும் இருந்த உயரத்திலேயே இருக்கும். அவை உயர வேண்டும் என்றால் டயர்தான் பெரிதாக வேண்டும். அதிலும் கூடிய உயரத்தில் பாதிதான் கிடைக்கும். 215/75 போட்டால் டிஃபரென்ஷியலுக்கு அடியில் கூடுவது 5 மி.மீ. சொச்சம். 235/75 போட்டால் கூடுவது சுமார் 20 மி.மீ. ஒரு சுண்டுவிரல் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

இந்த 20 மி.மீ.க்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று வரிசையாகப் பார்ப்போம்.

1. பிரேக்

சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக் பாகங்கள் மாறவில்லை. சக்கரத்தின் ஆரம் மட்டும் கூடிவிட்டது. அதனால் முன்பு மிதித்த அதே அழுத்தத்தில் மிதித்தால், 235/75 டயரில் தரையில் கிடைக்கும் பிரேக் விசை சுமார் 5.5 சதவீதம் குறைகிறது. பெரிய டயரின் எடையும் கூடுதல். சுற்றும் எடை கூடினால் நிறுத்தவும் அதிக வேலை. குடும்பத்தோடு, சாமான்களோடு மலையிலிருந்து இறங்கும்போதுதான் இது தெரியும்.

2. வளைவில் நிலைத்தன்மை

ஜிம்னியின் உயரம் அதன் அகலத்தைவிட ஏற்கெனவே 75 மி.மீ. அதிகம். 50 மி.மீ. லிஃப்ட், டயரால் 20 மி.மீ. என்று சேர்ந்தால் அந்த வித்தியாசம் 145 மி.மீ. ஆகிறது. வண்டியின் கனம் மேலே போகப் போக, வேகமாகத் திரும்பும்போது சாயும் தன்மை கூடும். நாய் குறுக்கே வந்து சட்டென்று ஸ்டீயரிங்கை ஒடிக்கும் நேரத்தில் வண்டி கவிழுமா நிற்குமா என்பதை இதுவும் தீர்மானிக்கும்.

3. ஸ்டீயரிங்

வண்டியை உயர்த்தும்போது முன் ஆக்சிலின் கோணம் மாறுகிறது. ஸ்டீயரிங்கை விட்டால் தானாக நேராக வரும் தன்மை அந்தக் கோணத்தால்தான் கிடைக்கிறது. கோணம் குறைந்தால் வண்டி நேராகப் போகாமல் அலையும். முழு ஆக்சில் உள்ள வண்டிகளில் குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் கடகடவென்று உதறுவதும் உண்டு. கனமான டயர் போட்டால் உதறல் இன்னும் கூடும். ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்து வைக்கும் கம்பி இருக்கிறது. லிஃப்ட் செய்ததும் அது ஆக்சிலை ஒரு பக்கமாக இழுத்துவிடும். பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். ஒயர் எல்லாம் பழைய உயரத்துக்கு அளந்து வைத்தவை. சக்கரம் பள்ளத்தில் முழுசாக இறங்கும்போது இவை இழுபடும்.

4. கொண்டை ஊசி வளைவில் உரசல்

கடை வாசலில் வண்டி நேராக நிற்கும்போது டயரைச் சுற்றி நிறைய இடம் தெரியும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. அங்கெல்லாம் ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடிக்க வேண்டும். அதே நேரத்தில் ஒரு பக்க ஸ்பிரிங் அமுங்கும். அப்போதுதான் அகலமான டயர் பம்பரின் உள்பக்கத்திலும் மட்கார்டு லைனரிலும் சஸ்பென்ஷன் கம்பியிலும் உரசும். லைனரில் உரசினால் சத்தம் வரும். கம்பியில் உரசினால் டயரின் பக்கச்சுவர் தேயும், ஒரு நாள் வெடிக்கும்.

உரசலைத் தவிர்க்க சக்கரத்தை வெளியே தள்ளும் ஸ்பேசர் போடச் சொல்வார்கள். அப்படிப் போட்டால் வீல் பேரிங்குக்குச் சுமை கூடும். டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு, கல்லையும் சேற்றையும் பின்னால் வரும் பைக்காரர் மேல் வாரி இறைக்கும்.

5. ரிம்

ஜிம்னியின் ரிம் 5.5 அங்குல அகலம். 235/75 டயருக்குப் பரிந்துரைக்கப்படும் ரிம் அகலம் 6 அங்குலத்திலிருந்துதான் தொடங்குகிறது. குறுகிய ரிம்மில் அகலமான டயரை மாட்டினால், திரும்பும்போது பக்கச்சுவர் ஆடும், டயர் நடுவில் மட்டும் தேயும். ஆக, டயரோடு ரிம்முக்கும் சேர்த்துச் செலவு.

6. ஸ்பீடோமீட்டர்

மீட்டர் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணித்தான் வேகத்தைக் காட்டுகிறது. டயர் பெரிதானது அதற்குத் தெரியாது. மீட்டர் கம்பெனி டயருக்குச் சரியாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், 235/75 டயரில் மீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் சுமார் 84.7 கி.மீ. வேகத்தில் போகும். 100 காட்டும்போது சுமார் 105.8. வேகக் கேமரா பிடிப்பது உண்மையான வேகத்தை. "என் மீட்டர்ல அவ்ளோ காட்டலையே" என்றால் இ-சலான் ரத்தாகாது.

ஓடிய தூரத்திலும் இதே கதைதான். உண்மையில் 10,000 கி.மீ. ஓடியிருந்தால் மீட்டர் சுமார் 9,450 என்று காட்டும். ஆயில் மாற்றுவதும் சர்வீஸும் தள்ளிப்போகும்.

7. ஸ்டெப்னி

இதைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். நான்கு டயரைப் பெரிதாக்கிவிட்டு, பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியைப் பழைய அளவிலேயே விட்டுவிடுவார்கள். பஞ்சரானால் ஒரு சக்கரம் மட்டும் சின்னது. அந்த நிலையில் ஃபோர் வீல் டிரைவ் போட்டுத் தார் ரோட்டில் ஓட்டினால், முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் வெவ்வேறு வேகத்தில் சுற்றப் பார்க்கும். கியர் அமைப்பு முறுக்கிக்கொள்ளும். ஏ.பி.எஸ். கணினியும் குழம்பும். சரி, ஸ்டெப்னியையும் பெரிதாக்கினால்? பின்கதவின் கீல் அந்தக் கூடுதல் எடையைத் தாங்க வேண்டும்.

இத்தோடு வண்டியின் முன்பக்கம் உயர்ந்தால் ஹெட்லைட் வெளிச்சமும் உயரும். எதிரில் பைக்கில் வருபவரின் கண்ணில் நேராக அடிக்கும். 1.5 லிட்டர் எஞ்சின் பெரிய சக்கரத்தைச் சுற்ற வேண்டியிருப்பதால் ஏற்றத்தில் இழுவை குறையும், மைலேஜும் இறங்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒரு மாடல் விற்பனைக்கு வரும் முன், அங்கீகரிக்கப்பட்ட சோதனை மையத்தில் பிரேக், ஸ்டீயரிங், விளக்கு என்று பலவற்றையும் சோதித்துச் சான்று பெற வேண்டும். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் உள்ள ஐகேட் போன்றவை அப்படிப்பட்ட மையங்கள். நம் மாநிலத்தில் சென்னையை அடுத்த ஓரகடத்தில் ஜி.ஏ.ஆர்.சி. என்ற உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அந்தச் சான்று அப்போதிருந்த டயருக்கும் உயரத்துக்கும்தான். நீங்கள் பிறகு செய்யும் மாற்றத்தை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரங்களிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் இதையே உறுதி செய்தது. 2019-இல் சட்டம் திருத்தப்பட்டபோது 182-ஏ பிரிவு வந்தது. அனுமதி இல்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். "ஒவ்வொரு மாற்றத்துக்கும்" என்பதைக் கவனியுங்கள். மாற்றங்களின் எண்ணிக்கை கூடக் கூட அபராதமும் கூடும்.

அனுமதிக்கப்பட்ட மாற்றம் என்றாலும் 14 நாட்களுக்குள் பதிவு செய்யும் அதிகாரியிடம், அதாவது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் (ஆர்.டி.ஓ.) தெரிவித்து, ஆர்.சி.யில் பதிந்துகொள்ள வேண்டும். "அதெல்லாம் ஃபீஸ் கட்டினா சரியாயிடும்" என்று கடையில் சொன்னால் நம்பி முதலில் மாட்டிவிடாதீர்கள். முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள், பிறகு பணத்தை எடுங்கள்.

காப்பீடு இன்னொரு கவலை. சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்குப் பிறகு சர்வேயர் கண்ணில் பட்டால், இழப்பீடு குறையலாம், மறுக்கவும்படலாம். சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் பழுதுக்கு நிறுவன வாரன்டி கிடைப்பதும் சந்தேகமே.

அப்படியானால் என்ன செய்யலாம்?

கரடுமுரடான பாதையில் போக வேண்டிய தேவை பலருக்கு உண்மையாகவே இருக்கிறது. தோட்டத்துக்குப் போகிறவர்கள், மலைக்கிராமத்தில் வேலை பார்ப்பவர்கள், மண்பாதைதான் ஒரே வழி என்று இருப்பவர்கள். அவர்களுக்குச் சட்டத்துக்கு உட்பட்ட வழிகள் உண்டு.

• அதே அளவில் வேறு பட்டன்: 195/80 ஆர்15 அளவிலேயே ஆல்-டெரைன் வகை டயர் கிடைக்குமா என்று கேளுங்கள். சேற்றிலும் ஜல்லியிலும் பிடிப்புக்கு உயரத்தைவிட டயர் பட்டனின் அமைப்பே பெரிதும் உதவும். சேற்றுக்கென்றே வரும் மட்-டெரைன் டயர் ஈரமான தார் ரோட்டில் அவ்வளவாகப் பிடிக்காது, சத்தமும் அதிகம். தினசரி ஓட்டத்துக்கு அது வேண்டாம்.
• சுமை, வேகக் குறியீடு: கம்பெனி டயரில் 96 எஸ் என்று இருக்கும். 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும். எஸ் என்றால் மணிக்கு 180 கி.மீ. வரை. புதிய டயரில் இரண்டும் இதற்குக் குறையக் கூடாது.
• ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தயாரிப்புத் தேதியும்: பக்கச்சுவரில் 4 இலக்க எண் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் தள்ளிவிடப் பார்ப்பார்கள், கவனம்.
• வேறு அளவு வேண்டுமென்றால்: உங்கள் மாடலுக்கு நிறுவனமே ஒப்புதல் கொடுத்த மாற்று அளவு உண்டா என்று அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்வார்த்தை பின்னால் உதவாது.
• வண்டியில் இருப்பதைப் பயன்படுத்துங்கள்: ஜிம்னியில் லோ ரேஞ்ச் கியர் இருக்கிறது. ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழன்றால் அதை பிரேக் பிடித்து, மறு சக்கரத்துக்கு விசையை அனுப்பும் வசதியும் இருக்கிறது. வாங்கிய பலர் இதை ஒருமுறைகூடப் போட்டுப் பார்த்ததில்லை.

லிஃப்ட் செய்த வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்குகிறீர்களா?

மாற்றம் செய்தது பழைய உரிமையாளராக இருக்கலாம். ஆனால் பெயர் மாறியதும் ரோட்டில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். பார்க்கப் போகும்போது இவற்றைச் செய்யுங்கள்:

1. கதவு ஸ்டிக்கரையும் டயரில் உள்ள எண்ணையும் கைப்பேசியில் படம் எடுத்து ஒப்பிடுங்கள். 5 டயரும் ஒரே அளவா என்று பாருங்கள்.
2. எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று நடப்பில் உள்ளனவா என்று பாருங்கள். மாற்றம் எதுவும் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கிறதா என்று அசல் ஆர்.சி.யைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.
3. காலி இடத்தில் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுசாக ஒடித்து, முன்னும் பின்னும் நகர்த்துங்கள். உரசல் சத்தம் வருகிறதா? வீல் ஆர்ச்சுக்குள் டார்ச் அடித்துத் தேய்ந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.
4. ஓட்டிப் பார்க்கும்போது பக்கத்தில் இருப்பவரை மேப் செயலியில் வேகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டர் காட்டுவது அதைவிடக் குறைவாக இருந்தால் டயர் பெரிது என்று அர்த்தம்.
5. பழைய ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், ரிம் கைவசம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அவற்றை வாங்கி மாட்டும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? பதற வேண்டாம். முதலில் டயரை ஸ்டிக்கர் அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் ஸ்பிரிங்கை அசல் நிலைக்கு மாற்றி, அலைன்மென்ட் பார்த்து, ஹெட்லைட்டைச் சரிசெய்து, பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகனிலோ இருக்கும் ஆர்.சி.யைச் சோதனையின்போது காட்டினால் செல்லும். ஆனால் அதில் பதிவாகாத மாற்றத்துக்கு எந்தச் செயலியும் கைகொடுக்காது.

டயரின் பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போனால் அந்த டயரை மாற்றியே ஆக வேண்டும். அந்த நாள் எப்படியும் வரும். அப்போது கடைக்குப் போகும்போது கதவு ஸ்டிக்கரின் படம் உங்கள் கைப்பேசியில் இருக்கட்டும். "இதே அளவு, 5 டயர், ஐ.எஸ்.ஐ. முத்திரை, இந்த வருஷத் தயாரிப்பு" என்று கேளுங்கள். கடைக்காரர் வேறு அளவைக் காட்டினால் கால்குலேட்டரைத் திறந்து, அவர் முன்னாலேயே ஒருமுறை போட்டுக் காட்டுங்கள்.